ரீச்சரும் ஒரு ஞாபகார்த்தக் கிண்ணமும்

விளையாட்டுப் போட்டி வைக்கப்போகிறோம் என்று யாராவது சொன்னால் ரீச்சர் முதலில் கேட்பது, "ஆருக்கு?" என்றுதான். எந்த மைதானம், எத்தனை மணிக்கு, மட்டன் ரோல் யார் வீட்டில் செய்வது என்று மற்றவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு அந்த ஒரு கேள்விதான். "பிள்ளையளுக்குத்தான் ரீச்சர், வேற ஆருக்கு?" என்று நாங்கள் சொன்னால், "பிள்ளையள் ஓடட்டும். ஓடுறது ஆருக்கு எண்டு கேக்கிறன்" என்பார். அதோடு கூட்டத்தில் பாதிப் பேர் தேத்தண்ணி போட எழும்பிவிடுவார்கள்.

ரீச்சர் ஊரில் ஒரு பெண்கள் கல்லூரியில் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்தவர். லண்டனில் ரூட்டிங் பக்கம் ஒரு பெற்றோல் ஸ்ரேஷனில் காசு வாங்குகிற ரில்லில் நின்றார். கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு மேல் அறையில் பல வருடங்கள் வாடகைக்கு இருந்தார். நான் எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர், அதாவது எல்லோரிடமும் பேச்சு வாங்குவதற்கென்று தெரிவு செய்யப்பட்ட ஆள். ரீச்சர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்: "செயலாளர்". ஊரில் ரீச்சர் வயதுப் பெண்கள் தங்களைவிட இளைய ஆண் எவனைக் கண்டாலும் "தம்பி" என்பார்கள். அவர் வாயில் அந்தச் சொல் எவனுக்கும் வந்ததில்லை. காரணம் தெரிந்த பிறகு எனக்கும் அது உறுத்தவில்லை.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பந்தை உதைத்தாலும் செத்தவர் ஒருவரின் பெயரில்தான் உதைப்போம். ஊரில் எந்தக் கழகத்தின் சுற்றுப்போட்டிக்குப் போனாலும் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மாலை போட்ட படம் ஒன்று வைத்து, பக்கத்தில் 'அமரர் இன்னார் ஞாபகார்த்தக் கிண்ணம்' நிற்கும். லண்டனுக்கு வந்தும் அந்தப் பழக்கம் எங்களை விடவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இது பெரிய பகிடி. "வை டு வி நீட் எ டெட் அங்கிள் ஃபோர் எவ்ரி ரேஸ், மாமா?" என்று ஒரு பெடியன் என்னைக் கேட்டான். நான் ரீச்சரைக் கையால் காட்டிவிட்டு நழுவினேன்.

ரீச்சருக்கு அதில் ஒரு வியப்பும் இல்லை. "கிரேக்கரும் இதைத்தான் செய்தவை" என்பார். ஒரு நாள் எங்கள் குசினி மேசையில் இருந்து நெமியா விளையாட்டின் கதையைச் சொன்னார். "ஒரு தாதி பச்சைப்பிள்ளையைப் புல்லிலை கிடத்திப்போட்டு, வழியாலை போன படைக்காரருக்குத் தண்ணி இருக்கிற இடம் காட்டப் போனவள். திரும்பி வந்து பாக்கப் பிள்ளை பாம்பு கடிச்சுச் செத்துக் கிடந்துது. அந்தப் பிள்ளையின்ர செத்தவீட்டுக்குப் படைக்காரர் வைச்ச போட்டிதான் அது. பிறகு எவ்வளவு காலம் போயும் அங்க நடுவர்மார் கறுப்புத்தான் உடுத்தவை." கதையைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, பாயில் கிடந்த எங்கள் கைக்குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அன்று முழுக்க அவள் பிள்ளையைக் கீழே விடவில்லை.

ரீச்சரின் கதைகள் எல்லாமே இப்படித்தான். ஒலிம்பியாவில் ஓட்டப் பாதை சீயஸ் கடவுளின் பலிபீடத்தடியில்தான் முடிந்தது என்று ஒருமுறை சொன்னார். "பலியிட்ட மாட்டின்ர தொடை பீடத்திலை கிடக்கும். நெருப்பு வைச்சிருக்க மாட்டினம். முதல் ஓடி வாறவன்தான் பந்தத்தை வாங்கி நெருப்பு வைக்கிறது. நாங்கள் நினைக்கிறம் வெல்லுறதுக்கு ஓடினவை எண்டு. அவை நெருப்பு வைக்க ஓடினவை, செயலாளர்." அப்போது நான் இடியப்பத்துக்குச் சம்பல் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் ஒரு வாய் இறங்கவில்லை.

சும்மா பயமுறுத்துகிற ஆள் என்று நினைக்கவேண்டாம். சிரிப்பும் வரும் அவரோடு. எங்கள் விழாவில் ஓட்டம் தொடங்குமுன் ஓடுகிற பிள்ளைகள் மட்டுமல்ல, அவர்களின் தகப்பன்மார், தமையன்மார் எல்லோரும் வரிசையில் நின்று கள்ளவேலை செய்யமாட்டோம் என்று சத்தியம் செய்யவேண்டும் என்பது அவர் கொண்டுவந்த சட்டம். ஒலிம்பியாவில் அப்படித்தானாம், பன்றி இறைச்சித் துண்டங்களுக்கு முன்னால் நின்று குடும்பத்தோடு சத்தியம் செய்வார்களாம். சாக்கோட்டத்துக்கும் சத்தியம், கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுவதற்கும் சத்தியம். ஒரு தகப்பன் கையில் கடித்த மட்டன் ரோலைத் தூக்கிக் காட்டி, "ரீச்சர், பண்டி இல்லை, ஆடுதான் இருக்கு, இதிலை செய்தால் செல்லுமோ?" என்று கேட்டார். மைதானமே சிரித்தது, ரீச்சரும் சிரித்தார். ஆனால் அந்தத் தகப்பன் ரோலைப் பேப்பர்த் தட்டில் வைத்துக் கை துடைத்துச் சத்தியம் செய்து முடிக்கும் மட்டும் அவரை விடவில்லை.

சிரித்த அதே ஆள் நானூறு மீற்றர் ஓட்டத்துக்குக் கூப்பிட்டதும் எழும்பிப் போய்விடுவார். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். ஒன்றில் தேத்தண்ணிக் கொட்டிலுக்கு, இல்லாவிட்டால் கார்கள் நிற்கிற பக்கம். கைத்தொலைபேசியைக் காதருகில் பிடித்தபடி, யாரோடும் கதைக்காமல், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் திரும்புவார்.

அவருடைய தம்பி நானூறு மீற்றர் ஓடியவர். மாவட்டத்தில் முதலாவதாக வந்தவர். இதை எனக்குச் சொன்னது ரீச்சர் இல்லை, எங்கள் சங்கத் தலைவர். தலைவரும் அந்தத் தம்பியும் ஒரே வகுப்பு, அஞ்சலோட்டத்தில் ஒருவருக்கொருவர் தடி மாற்றியவர்கள். தொண்ணூறுகளில் ஒரு நாள் அந்தத் தம்பி கொழும்புக்கு என்று பஸ் ஏறினார். ஏறியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள், இறங்கியதைக் கண்டவர் ஒருவரும் இல்லை. அவ்வளவுதான் தெரியும். ரீச்சர் லண்டனில் இருந்தபடியே எந்தெந்த அலுவலகம் உண்டோ அத்தனைக்கும் எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுப் போன் அடித்தால் மேல் அறைக் கதவு திறக்கும் சத்தம் உடனே கேட்கும். என் மாமியார் ஏன் தன் மகளுக்கு இன்னும் சங்கிலி செய்யவில்லை என்று கேட்க எடுத்த அழைப்புக்கும் அவர் படியில் வந்து நிற்பார். "உங்களுக்கு இல்லை ரீச்சர்" என்று சொல்லிச் சொல்லியே எனக்குப் போன் என்றால் ஒரு வெறுப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைகளில் ஷிப்ட் இல்லாவிட்டால் லண்டனைக் குறுக்கே கடந்து மனோர் பார்க் கோயிலுக்குப் போய்த் தம்பியின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்வார். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்வது. கோயிலில் கண்ட ஊர்க்காரி ஒருத்தி நல்லெண்ணத்தில், "இவ்வளவு காலமாச்சு, ஒரு மோட்ச விளக்குப் போட்டால் அந்த ஆத்துமா ஆறும், ரீச்சர்" என்று சொல்லியிருக்கிறாள். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. மேல் அறையில் அங்குமிங்கும் நடக்கிற சத்தம் எங்கள் வரவேற்பறைக்குக் கேட்டது. எனக்கு அந்த ஊர்க்காரி மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல.

இனிக் கிண்ணத்தின் கதைக்கு வருகிறேன். ஏதென்ஸில் ஒலிம்பிக் நடந்த கோடை அது. ஊரில் சமாதான காலம். பாதை திறந்து, ஆளாளுக்கு ரிக்கெற் போட்டுப் போய் நல்லூர்த் திருவிழா பார்த்துவிட்டு வந்தார்கள். இனிச் சண்டை இல்லை என்று எல்லோரும் சொன்னோம். ரீச்சர் மட்டும் நம்பவில்லை. "கிரேக்கரும் ஒலிம்பியா விழாவுக்குப் போர்நிறுத்தம் அறிவிச்சவைதான். சண்டை முடிஞ்சுது எண்டதுக்காக இல்லை. விழாவுக்குப் போற சனம் வழியிலை சாகாமல் போய்வரட்டும் எண்டு. விழா முடியத் திரும்ப அடிபடுவினம்" என்றார். நல்ல நேரத்தில் இப்படி வாய் வைக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வருடக் கூட்டத்தில் தலைவர் எழும்பி, இனி நானூறு மீற்றருக்கு ஒரு கிண்ணம் வைக்கவேண்டும், தன் நண்பன் பெயரில் தானே கொடுக்கிறேன் என்றார். நல்ல மனிதர். ஆனால் யோசியாமல் செய்துவிட்டு வந்திருந்தார். பையில் இருந்து கிண்ணத்தை எடுத்து மேசையில் வைத்தார். பளபளவென்று பெரிய கிண்ணம். அதில் எங்கள் வழக்கப்படியே, 'அமரர்' என்று போட்டுத் தம்பியின் பெயர் வெட்டப்பட்டிருந்தது.

ரீச்சர் கிண்ணத்தைத் தொடவில்லை. "இதை ஆர் உம்மைச் செய்யச் சொன்னது?" என்று கேட்டார்.

"அக்கா, அவன் என்ர சிநேகிதன். அவன்ர பேர் சொல்ல ஒண்டும் இல்லாமல் போகப்போகுது. அதுதான்..."

"பேர் இருக்கிறவனுக்கு நீர் ஏன் பேர் வைக்கிறீர்? உயிரோட இருக்கிறவனுக்கு ஆரும் ஓட்டம் வைக்கிறேல்லை. ஓட்டம் வைச்சால் முடிஞ்சுது எண்டு அர்த்தம். நீங்கள் எல்லாரும் கைதட்டிப்போட்டு வீட்டை போடுவியள். அதுக்குப் பிறகு அவனை ஆர் தேடுறது?"

ரீச்சர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தலைவர் கிண்ணத்தைத் திரும்பப் பையில் வைத்தார், ஆனால் விட்டுக்கொடுத்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. காரில் என்னோடு வரும்போது, "செயலாளர், அக்கா இப்பிடியே இருந்தால் அவவுக்கு விசர்தான் பிடிக்கும். ஒருக்காச் செய்து முடிச்சால் அழுது ஆறுவா" என்றார். அவர் சொன்னது பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ரீச்சர் சொன்னதும் பிழை இல்லை. இரண்டுக்கும் நடுவில் நான் கிடந்து முழித்தேன்.

விழாவுக்கு முன் இருந்த நாட்கள் எங்கள் வீட்டில் நரகம். ஒலிம்பிக் தீபம் லண்டன் தெருக்களால் வந்ததைத் தொலைக்காட்சியில் காட்டியபோது ரீச்சர் எழும்பிப் போய்விட்டார். பிறகு ஏதென்ஸில் போட்டிகள் தொடங்கின. நான் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். ஒரு காலையில் படியில் என்னை மறித்து, "செயலாளர், உம்மட கையிலைதானே மைக்?" என்று கேட்டார். ஓம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. கெஞ்சியிருந்தால்கூட எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

விழா நாள் நல்ல வெயில். பிள்ளைகள் ஓடினார்கள், தாய்மார் கத்தினார்கள், நான் அறிவித்தேன். மேசைக்குக் கீழே தலைவரின் பை இருந்தது, என் கண் முழுக்க அந்தப் பையில்தான். நானூறு மீற்றர் என்றதும் ரீச்சர் கார்ப் பக்கம் போவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தலைவர் பையைத் திறந்தார். "ஒருக்கா மைக்கைத் தாரும்" என்று கேட்டு வாங்கினார். தொண்டையைச் செருமினார்.

"அன்பான ஊர் உறவுகளே, இந்த ஓட்டம், எங்கட அமர..."

நான் வயரைக் காலால் இழுத்து விட்டேன். ஒலிபெருக்கி ஒரு குரைப்புக் குரைத்துவிட்டு அடங்கியது. தலைவர் மைக்கைத் தட்டினார், ஊதினார், என்னைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அதற்குள் விசில் ஊதியாயிற்று, பெடியள் ஓடத் தொடங்கிவிட்டார்கள். கிண்ணம் பைக்குள்ளேயே வீட்டுக்குப் போனது. தலைவர் அந்த வருடம் முழுக்க என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ரீச்சர் அன்று பின்னேரம் ஒரு கோப்பை தேத்தண்ணி போட்டு என் முன்னால் வைத்தார்.

பிறகு ரீச்சர் மனோர் பார்க்கில் கோயிலுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துப் போனார். சமாதான காலமும் போனது. கடைசி வருடம், இரண்டாயிரத்து ஒன்பது, எங்களில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் போன் அடித்தது, அல்லது அடிக்காமலே விட்டது. எல்லாம் முடிந்த பிறகு கூடிய சங்கக் கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானித்தோம்: இந்த வருடம் விளையாட்டு விழா இல்லை. சனம் செத்துக் கிடக்கும்போது ஓட்டமும் பாட்டுமா என்று எல்லோருக்கும் ஒரே எண்ணம்.

பின்வரிசையில் இருந்து ரீச்சர் எழும்பினார். மெலிந்துபோயிருந்தார். "இந்த வருசம்தான் வைக்க வேணும்" என்றார்.

"ரீச்சர், என்ன கதை கதைக்கிறியள்?" என்று ஒருவர் பாய்ந்தார். அவர் தன் தங்கை குடும்பத்தையே இழந்தவர்.

"கோவியாதேங்கோ. உங்கட தங்கச்சிக்கு ஒரு செத்தவீடு செய்தியளோ? உடம்பு கண்டியளோ? சாம்பல் கண்டியளோ?" என்று ரீச்சர் கேட்டார். "எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேலாமல் போச்சு. ஓட்டம் துவங்கினதே இதுக்குத்தான். பகிடிக்கும் பொழுதுபோக்குக்கும் துவங்கினதில்லை. பிள்ளையள் ஓடட்டும். இந்த முறை ஆருக்கு எண்டு நான் கேக்க மாட்டன்."

பாய்ந்தவர் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டார். தலைவர் மிக மெதுவாக, "அக்கா, அப்ப அந்தக் கிண்ணம்..." என்று தொடங்கினார்.

"கிண்ணம் வேண்டாம். பரிசு நான் கொண்டுவாறன்" என்றார் ரீச்சர்.

விழா நடந்தது. பாட்டுப் போடவில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் யார் விரும்பினாலும் வந்து மைக்கில் தங்கள் ஆட்களின் பெயரைச் சொன்னார்கள். பிறகு பிள்ளைகள் ஓடினார்கள். அத்தனை வேகமாக அவர்கள் ஓடி நான் பார்த்ததில்லை. நானூறு மீற்றருக்கு முன்னால் ரீச்சர் மேசைக்கு வந்தார். மைக்கை வாங்கித் தம்பியின் பெயரைச் சொன்னார், பெயரை மட்டும். தன் இடத்துக்குப் போய் நின்று, ஓட்டத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்த்தார். எனக்கு ஓடுகிறவர்களைப் பார்க்க முடியவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

பரிசு நேரம் வந்தது. காலையிலேயே அவர் சில்லு வைத்த பெரிய சூட்கேஸ் ஒன்றை ரெயினில் ஏற்றி இழுத்துக்கொண்டு வந்திருந்தார். புத்தகம் கொடுக்கப்போகிறார் என்றே நாங்கள் நினைத்தோம். சூட்கேஸை மேசையில் தூக்கி வைத்துத் திறந்தார். உள்ளே முழுக்க ஆண்கள் போடுகிற சேட்டுகள். எல்லாம் புதுசு. கழுத்தில் அட்டை, மடிப்பில் குண்டூசி, ஒன்றும் குலையவில்லை.

"அந்தக் காலத்திலை செத்தவீட்டு ஓட்டத்துக்குப் பரிசு கடையிலை வாங்கிறேல்லை" என்றார். மைக் இல்லாமலே சொன்னார், எல்லோருக்கும் கேட்டது. "செத்தவனின்ர சாமானைத்தான் ஓடினவைக்குப் பிரிச்சுக் குடுப்பினம். இதெல்லாம் தம்பியின்ர. தீபாவளிக்குத் தீபாவளி எடுத்து வைச்சது."

'தம்பி' என்ற சொல்லை அவர் வாயால் கேட்டதும் தலைவர் கதிரையைப் பிடித்துக்கொண்டார். ரீச்சர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். முதலில் எடுத்தவை ஒடுக்கமான சேட்டுகள், ஓட்டக்காரப் பெடியன் ஒருவனுக்கு அளவானவை. நானூறு மீற்றரில் வென்றவன் ஒன்றை வாங்கினான். அடியில் போகப் போகச் சேட்டுகள் அகன்றுகொண்டு போயின. பக்கத்தில் நின்ற ஒரு தாய் தாங்க முடியாமல் கேட்டாள்: "ஒரே ஆளுக்கோ ரீச்சர், இவ்வளவு அளவும்?"

"வயசு போகப் போக உடம்பு வைக்கும்தானே. எங்கட அப்பாவும் நாற்பதுக்குப் பிறகு அப்பிடித்தான்" என்றார் ரீச்சர்.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. நீலக் கோடு போட்ட பெரிய சேட்டு. ரீச்சர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலைவரை வரச் சொன்னார். தலைவர், நாற்பது தாண்டியவர்களின் ஓட்டத்தில் எல்லோருக்கும் கடைசியாக வந்து, தொந்தியும் வியர்வையுமாக இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "எனக்கு வேண்டாம் அக்கா, நான் வெல்லேல்லை" என்றார். "போடும்" என்றார் ரீச்சர். அவரே குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார். தலைவர் வியர்த்த பனியனுக்கு மேல் அதைப் போட்டுப் பொத்தான்களைப் பூட்டினார். தோள் பொருந்தியது, வயிறு பொருந்தியது, கை நீளம்கூடப் பொருந்தியது.

ரீச்சர் கொஞ்சம் பின்னால் போய் நின்று பார்த்தார். பிறகு கிட்ட வந்து தோள் மடிப்பைக் கையால் நீவிவிட்டார்.

"பாத்தீரோ செயலாளர்," என்றார் என் பக்கம் திரும்பி, "அளவாய்த்தான் எடுத்திருக்கிறன்."

அதற்குப் பிறகுதான் அழுதார்.